தாய்மாமன் மடி

அண்ணன் கன்னத்தில் பண்டாரம் சிங்கம் வரைந்தபோது கண்ணாடியைப் பிடித்துக்கொண்டிருந்தவள் நான். செங்காவியைக் கொட்டாங்கச்சியில் குழைத்து, கோழி இறகின் நுனியால் தொட்டுத் தொட்டு, வலது கன்னத்துப் புண்ணைச் சுற்றி முதலில் ஒரு வட்டம் போட்டார். பிறகு பிடரி, வால், நான்கு கால் என்று பொறுமையாக எழுதினார். உதட்டுக்குள் ஏதோ முணுமுணுத்துக்கொண்டே இருந்தார். தோலில் கொப்புளம் கிளம்பி எரிந்தால் அது அக்கி, அக்கிக்குக் காவியில் சிங்கம் எழுத வேண்டும், எழுதியபின் மூன்று நாளைக்குத் தண்ணீர் படக்கூடாது, கருவாடு ஆகாது. எங்கள் தோட்டக் குடியிருப்பில் இதையெல்லாம் யாரும் கேள்வி கேட்பதில்லை. எழுதி முடித்ததும் அண்ணன் முகத்தை இப்படியும் அப்படியும் திருப்பிப் பார்த்துவிட்டு, "என்னா பண்டாரம், சிங்கம் கேட்டா பூனைய வரைஞ்சி வச்சிருக்கீங்க" என்றார். கோயில் பூசை செய்கிற மனிதர், மந்திரத்தை மறந்துவிட்டுச் சிரித்துவிட்டார். அந்தக் கோலத்தோடே அண்ணன் சிம்பாங் அம்பாட் காப்பிக்கடைக்குப் போய், எல்லாரும் பார்க்க உட்கார்ந்து ரொட்டி சானாய் தின்றுவிட்டு வந்தார். வெட்கம், கூச்சம் ஒன்றும் கிடையாது அவருக்கு. அப்போது அப்படித்தான் இருந்தார்.

எங்கள் வீட்டில் அண்ணன் மூத்தவர், அடுத்தது அக்கா, கடைசியாக நான். அப்பாவும் அம்மாவும் அடுத்தடுத்துப் போய்ச் சேர்ந்த பிறகு அக்காவைக் கட்டிக்கொடுத்ததும், என்னைப் படிக்க வைத்ததும் அவர்தான். நான் படித்த லட்சணம், பள்ளி வேன் ஓட்டுகிறேன். அண்ணன் அதற்கும் ஒன்றும் சொல்லவில்லை, வேனுக்கு முன்பணம் கட்டிக் கொடுத்தார். அவர் புல்டோசர் ஓட்டுகிறவர். ஒரு காண்டிராக்டர் கூட்டிப் போனார் என்று சவூதிக்குச் சாலை வேலைக்குப் போயிருந்தார். அக்காவுக்குக் கல்யாணமாகி நெடுநாள் கழித்துப் பெண் பிறந்த செய்தி அவருக்கு அங்கேதான் கிடைத்தது. போனிலேயே சொல்லிவிட்டார்: "நான் வர்ற வரைக்கும் பிள்ளைக்குக் காது குத்தாதீங்க. என் மடியில உக்கார வச்சிதான் குத்தணும்." அது ஆசை மட்டுமில்லை, முறையும் அதுதான். தாய்மாமன் தோடு வாங்கி வர வேண்டும், தாய்மாமன் மடியில் உட்கார்ந்துதான் பிள்ளை காது குத்திக்கொள்ள வேண்டும். கல்யாணம் என்று ஒன்று செய்துகொள்ளாத மனிதருக்கு, ஊரைக் கூட்டி வைத்து ஒரு பிள்ளையை மடியில் வாங்கிக்கொள்ளக் கிடைக்கிற நாள் அது ஒன்றுதான். அதற்காகவே ஒப்பந்தத்தை நீட்டிக்காமல் கிளம்பி வந்தார். தோட்டையும் அங்கேயே வாங்கி வந்தார், பொடிப்பொடியாகச் சிவப்புக் கல் வைத்தது.

வந்து இறங்கியபோதே கன்னத்தில் கொசு கடித்தது போல் ஒரு தடிப்பு இருந்தது. நாங்கள் யாரும் அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. நாள் ஆக ஆக அது பெரிதாகி, நடுவில் குழி விழுந்து, ஓரம் மேடு கட்டி, மேலே பொறுக்குத் தட்டியது. பொறுக்கு உதிர்ந்தால் உள்ளே சிவப்பாகத் தெரியும். ஆனால் வலி இல்லை. அந்த வலியில்லாமைதான் எங்களை ஏமாற்றிவிட்டது. "வலிக்கவே இல்ல லா, சும்மா நொய்நொய்ங்காத" என்று என்னை அடக்கிவிடுவார். பக்கத்து வீட்டு அக்காள் ஒருத்தி பார்த்துவிட்டு இது அக்கியேதான் என்று அடித்துச் சொன்ன பிறகுதான் பண்டாரத்திடம் போனோம். மூன்று நாள் கழித்துக் காவி உதிர்ந்தபோது சிங்கம் போய்விட்டது, புண் இன்னும் அகலமாகியிருந்தது.

அதே வாரம் ஞாயிற்றுக்கிழமை மெர்லிமாவ் பக்கத்தில் இருக்கிற அக்கா வீட்டுக்குப் போனோம். அக்காவின் மாமியாரை நாங்கள் அத்தை என்றுதான் கூப்பிடுவோம். அண்ணன் போனதும் போகாததுமாகப் பிள்ளையைத் தூக்கி மடியில் வைத்துக்கொண்டு, காதை இழுத்து இழுத்துக் கொஞ்சிக்கொண்டிருந்தார். அது பொக்கை வாயைத் திறந்து சிரித்தது. அத்தை காப்பி கொண்டு வந்து வைத்துவிட்டு, "என்னாப்பா முகத்துல இது" என்று கேட்டார். அவர் கவலைப்படக்கூடாதே என்று அண்ணன் சிரித்துக்கொண்டே சொன்னார்: "ஒன்னும் இல்ல அத்தே. நான் வேல செஞ்ச கம்போங்ல எல்லாப் பிள்ளைங்களுக்கும் இந்தப் புண்ணு இருக்கு. கன்னத்துல, கையில, கால்ல. ஒரு வருசத்துல தானா ஆறிரும். அங்க யாரும் அத கண்டுக்கிறதே இல்ல."

அவர் சொன்னதில் பொய் இல்லை. அந்தக் கம்போங் பேரீச்சைத் தோப்புகள் நடுவே மண்வீடுகள் உள்ள சின்ன ஊர் என்று எனக்கு முன்பே சொல்லியிருக்கிறார். தகரக் கொட்டகைக்குள் வெக்கை தாங்காமல் இவரும் கூட இருந்தவர்களும் வெளியே கட்டில் போட்டுப் படுப்பார்களாம். காலையில் ஊர்ப் பிள்ளைகள் புல்டோசரைச் சுற்றி நிற்கும். பிஸ்கட் கொடுப்பாராம். அந்தப் பிள்ளைகளின் கன்னங்களில் பழைய புண்ணின் வடு இருபது காசு நாணயம் அளவுக்குப் பள்ளமாக இருக்கும் என்றும், புண்ணோடேயே அவை ஓடி விளையாடும் என்றும் சொன்னார். ஊரே அப்படி இருக்கும்போது நமக்கென்ன பயம் என்பது அவர் கணக்கு. அத்தைக்கு அது வேறு மாதிரிக் கேட்டது. ஓர் ஊர்ப் பிள்ளைகள் எல்லாருக்கும் பரவிய புண், இப்போது தன் பேத்தியைத் தூக்கி வைத்திருக்கிறவர் கன்னத்தில் இருக்கிறது. அவர் "பால் குடிக்கிற நேரம்" என்று பிள்ளையை வாங்கிக்கொண்டு உள்ளே போனார். நாங்கள் கிளம்பும் வரை பிள்ளை வெளியே வரவில்லை.

அத்தையைத் திட்டித் தீர்க்க வேண்டும் என்று பல நாள் நினைத்திருக்கிறேன். என் வாய்க்கு அது ஒன்றும் கஷ்டமில்லை. ஆனால் அக்கா பின்னால் ஒன்று சொன்னாள். அத்தை சின்னப் பெண்ணாக இருந்தபோது அவர்கள் குடியிருந்த தோட்டத்து லயத்தில் ஒருவருக்கு ஆறாத புண் வந்ததாம். தோட்டத்து லாரியில் ஏற்றி எங்கேயோ அனுப்பினார்களாம், அவர் திரும்பவே இல்லையாம். அவர் இருந்த வீட்டில் யாரும் குடி போகவில்லையாம். அதைப் பார்த்து வளர்ந்தவருக்கு வேறு எப்படித் தோன்றும்? இதைத் தெரிந்துகொண்ட பிறகு திட்டவும் முடியவில்லை, மன்னிக்கவும் மனசு வரவில்லை. இன்றுவரை அப்படித்தான் நடுவில் நிற்கிறேன்.

மெர்லிமாவிலிருந்து சிம்பாங் அம்பாட்டுக்கு நாங்கள் வந்து சேருவதற்குள் பேச்சு வந்து சேர்ந்துவிட்டது. இதற்கு மட்டும் எப்படித்தான் கால் முளைக்கிறதோ. காப்பிக்கடையில் அவருக்கு மட்டும் பிளாஸ்டிக் கோப்பையில் தேநீர் வந்தது, குடித்ததும் தூக்கிப் போடுவதற்கு. அவர் முதல் நாள் அதைக் கவனிக்கவில்லை, மறுநாள் கவனித்தார், அதற்கு அடுத்த நாள் போகவில்லை. பெரு வியாதி, குஷ்டம் என்று யாரோ சொன்னார்கள். சவூதியில் தப்புத்தண்டா செய்துவிட்டு வந்த பலன் என்று இன்னொருவர் சொன்னார். என் வேனில் பிள்ளை அனுப்புகிற ஒரு தாய், வேன் கதவைப் பிடித்துக்கொண்டு, "தப்பா எடுத்துக்காத, உங்கண்ணன் இந்த சீட்ல உக்கார்றாரா?" என்று கேட்டாள். "ஸ்டேரிங்லயும் உக்காருவாரு, வேற வேன் பாத்துக்க" என்று முகத்தில் அடித்தாற்போல் சொல்லிவிட்டேன். அவள் நிஜமாகவே வேறு வேன் பார்த்துக்கொண்டாள். இதை யாரோ அண்ணன் காதில் போட்டிருக்கிறார்கள். அதன் பிறகு கிளினிக்குக்குக் கூட்டிப் போகும்போதெல்லாம் வேனின் கடைசி வரிசையில்தான் உட்கார்ந்தார். இறங்கும்போது கைக்குட்டையால் சீட்டைத் துடைத்துவிட்டு இறங்கினார்.

கிளினிக்குகளுக்கும் குறைச்சலில்லை. அலோர் காஜாவில் ஒன்று, மலாக்காவில் இரண்டு. ஒரு டாக்டர் கிரீம் கொடுத்தார். இன்னொருவர் இனிப்புநீர் வியாதி இருக்கிறதா என்று ரத்தம் எடுத்துப் பார்த்துவிட்டு மாத்திரை கொடுத்தார். மூன்றாமவர் படைக்குப் போடுகிற களிம்பைக் கொடுத்தார். எப்படி வந்தது என்று கேட்டவர்களிடம் எல்லாம் அண்ணன், "கொசு கடிச்சிச்சி" என்று இரண்டே வார்த்தையில் முடித்துக்கொண்டார். அந்த ஊரைப் பற்றியும் அந்தப் பிள்ளைகளைப் பற்றியும் அவர் அதற்குப் பிறகு வாயே திறக்கவில்லை. ஒரு முறை சொல்லிப் பட்டது போதும் என்று இருந்துவிட்டார். சொல்ல வேண்டிய இடத்தில் அந்தச் சேதி சொல்லப்படவில்லை, சொல்லக் கூடாத இடத்தில் முதலிலேயே சொல்லியாகிவிட்டது.

காது குத்துக்கு நாள் குறித்த பிறகு அத்தான் மோட்டார் சைக்கிளில் வந்தார். அக்காவின் கணவர், நல்ல மனிதர், அம்மா பேச்சைத் தட்டத் தெரியாதவர். தேநீரைக் குடித்தார், செம்பனை விலையைப் பற்றிப் பேசினார், மழையைப் பற்றிப் பேசினார். கடைசியில்தான் வந்த காரியத்துக்கு வந்தார். "மச்சான், அம்மா ரொம்ப பயப்படுறாங்க. புண்ணு ஆறட்டும்னு பாத்தா தேதி எல்லாருக்கும் சொல்லியாச்சி. மடியில உக்கார வைக்கிறதுக்கு உங்க சித்தப்பா மகன கேட்டிருக்கோம். நீங்க வாங்க, முன்னுக்கு நில்லுங்க. தோடு மட்டும் இப்பவே குடுத்து விட்டீங்கன்னா..." தாய்மாமன் தோடு இல்லாமல் காது குத்தினால் ஊர் என்ன சொல்லும் என்கிற கவலை அவருக்கு. "தோடுல நோய் ஒட்டாதா அத்தான்? நல்லா கேட்டுட்டு வந்தீங்களா?" என்று கேட்டேன். அண்ணன் என்னைப் பார்த்துக் கையைக் காட்டினார், பேசாதே என்று. உள்ளே போய்ப் பெட்டியை எடுத்து வந்து, சட்டை நுனியால் துடைத்து, அத்தான் கையில் கொடுக்காமல் மேசையில் வைத்தார். "மாப்ள, பிள்ளைக்கு நல்லபடியா நடக்கட்டும்" என்றார். அத்தான் தலையைத் தூக்காமல் எடுத்துக்கொண்டு போனார்.

போக வேண்டாம் என்று நான் சொன்னேன். "தங்கச்சி வீட்டு விசேசம், போகாம இருந்தா நல்லாருக்காது" என்று வெள்ளைச் சட்டை போட்டுக்கொண்டு கிளம்பினார். கோயிலுக்குள் அவர் வரவில்லை. சாப்பாட்டுப் பக்கமும் போகவில்லை. ரோட்டோரமாக நின்று வருகிற கார்களுக்கு வழி காட்டிக்கொண்டிருந்தார். எங்கே நிறுத்துவது, எப்படிப் பின்னால் எடுப்பது, யார் வண்டி யார் வண்டியை மறைக்கிறது என்று ஒரே மும்முரம். வெயிலில் சட்டை முதுகோடு ஒட்டிக்கிடந்தது. அவரைத் தெரியாத சிலர் காண்டிராக்டுக்கு விட்ட ஆள் என்று நினைத்துத் தலையாட்டிவிட்டுப் போனார்கள். உள்ளே மேளம் வேகம் பிடித்தது. எங்கள் சித்தப்பா மகன் மடியில் பிள்ளை வீறிட்டு அழுதது வெளியே வரை கேட்டது. நான் வாசலில் நின்று அண்ணனைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன். ஒரு காரைப் பின்னால் வரச் சொல்லித் தூக்கிய கை அப்படியே நின்றது. அழுகை அடங்கும் வரை நின்றது. கார்க்காரர் ஹாரன் அடித்த பிறகுதான், "வாங்க வாங்க, இடம் இருக்கு" என்றார்.

அது முடிந்து சில வாரம் கழித்துதான் மலாக்காவில் பெரிய ஆஸ்பத்திரியில் தோல் டாக்டரைப் பார்க்க முறை வந்தது. இளவயது மலாய்க்காரப் பெண் டாக்டர். புண்ணை ஓரமெல்லாம் பார்த்தார். எப்படி வந்தது என்று கேட்டதும் அண்ணன் வழக்கம்போலக் கொசு என்று தொடங்கினார். எனக்குப் பொறுமை போய்விட்டது. இவர் சவூதியில் வேலை செய்தவர், அந்த ஊர்ப் பிள்ளைகள் எல்லாருக்கும் இதே புண் இருக்கிறதாம் என்று மலாயிலும் ஆங்கிலத்திலுமாகக் கொட்டிவிட்டேன். டாக்டர் எழுதுவதை நிறுத்திவிட்டு நாற்காலியை முன்னால் இழுத்துக்கொண்டார். எங்கே படுப்பீர்கள், வீடு எப்படி, எலிப்பொந்துகள் இருக்குமா என்று ஒவ்வொன்றாகக் கேட்டார். புண்ணைச் சுரண்டி எடுத்து அனுப்பினார். அடுத்த முறை போனபோது பதில் வந்திருந்தது. கொசுவைவிடச் சின்ன ஒரு மணல் ஈ, சத்தமே இல்லாமல் கடிக்கும், அது கடிக்கும்போது கண்ணுக்குத் தெரியாத ஒரு கிருமியைத் தோலுக்குள் விட்டுவிட்டுப் போகும், அதனால் வருகிற புண் இது. அந்த மாதிரிக் கிராமங்களில் பரவுவதும் அந்த ஈயால்தான். ஆளைத் தொட்டு ஆளுக்கு வருவதில்லை.

"தொட்டா ஒட்டாதா?" என்று கேட்டேன். ஒட்டாது என்றார். பிள்ளையைத் தூக்கினால், மடியில் வைத்துக்கொண்டால் என்று மறுபடி கேட்டேன். ஒன்றும் ஆகாது என்றார், ஏன் இதையே கேட்கிறீர்கள் என்பது போலப் பார்த்தார். அண்ணன் தரையைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். டாக்டருக்கு நான்தான் நன்றி சொன்னேன். வாராவாரம் ஊசி போட்டார்கள். புண் சுருங்கி, காய்ந்து, இருபது காசு அளவுக்கு ஒரு பள்ளமாக நின்றது. அவர் சொன்ன அந்தப் பிள்ளைகளின் கன்னத்து வடுவைப் போலவே.

அக்காவிடம் நானே போய்ச் சொன்னேன். அடுப்படியில் தரையில் உட்கார்ந்துவிட்டாள். "ஒரு மாசம் தள்ளி வச்சிருக்கலாம்டி, ஒரே ஒரு மாசம்" என்று திரும்பத் திரும்பச் சொல்லி அழுதாள். அத்தை நிலைப்படியில் நின்றுகொண்டு, "எங்களுக்கு என்னாம்மா தெரியும், யாராச்சும் சொன்னாங்களா" என்றார். குத்திய காதை இனி என்ன செய்வது. எங்கள் ஊரில் செய்தி இப்படித் திரும்பிப் பரவவில்லை. நோய் என்று வீடு வீடாகச் சொன்னவர்கள், நோய் ஒட்டாது என்று சொல்ல ஒரு வீட்டுக்கும் போகவில்லை.

அதன் பிறகு அண்ணன் பிள்ளைகளைத் தூக்கி நான் பார்த்ததில்லை. யாரும் தடுக்கவில்லை. அக்கா எத்தனையோ முறை பிள்ளையைக் கொண்டு வந்து நீட்டியிருக்கிறாள். "வேலைக்குப் போய்ட்டு வந்தேன், அழுக்கு" என்பார். "இருமல்" என்பார். பிள்ளை ஓடி வந்து காலைக் கட்டிக்கொண்டால் இரண்டு கையையும் மேலே தூக்கிக்கொண்டு அசையாமல் நிற்பார், அதுவாக விடும் வரை. டாக்டர் சொன்னதை ஒரு முறை நினைவுபடுத்தினேன். "தெரியும் லா" என்றார். தெரிந்து என்ன பயன்.

எனக்குத் தாமதமாகத்தான் கல்யாணம் ஆனது, தாமதமாகத்தான் பெண் பிறந்தாள். போன மாதம் அவளுக்கு மொட்டை போட்டுக் காது குத்தினோம். யார் மடி என்பதில் எனக்கு இரண்டாம் பேச்சே இல்லை. அண்ணனிடம் சொன்னதும் தோடு, பட்டுப்பாவாடை, வெள்ளிக் கொலுசு எல்லாம் வாங்கி வந்து அடுக்கிவிட்டார். மடி என்றதும், "சித்தப்பா மகன் இருக்கான்ல, அவன் நல்லா புடிப்பான்" என்றார். "அண்ணே, நீ உக்காரலன்னா காது குத்தே கிடையாது. பிள்ள மூளிக் காதோட வளரட்டும்" என்றேன். அக்காவும் வந்து கையைப் பிடித்துக் கெஞ்சினாள். ஒருவழியாக ஒத்துக்கொண்டார்.

கோயிலுக்கு முழுக்கைச் சட்டையை மணிக்கட்டு வரை பொத்தான் போட்டுக்கொண்டு வந்தார். உட்கார்ந்து, மடியில் புதுத் துண்டை நான்காக மடித்து விரித்து, அதன்மேல் பிள்ளையை வாங்கிக்கொண்டார். வாங்கினாரே தவிர, கை இரண்டும் பிள்ளைக்கு இருபுறமும் காற்றில் நின்றன. ஆசாரி ஊசியை எடுத்துக்கொண்டு, "பிள்ளைய இறுக்கிப் புடிங்க, அசைஞ்சா காது கிழிஞ்சிரும்" என்றார். அண்ணனால் முடியவில்லை. நெற்றியில் வேர்த்துக் கொட்டியது. ஆசாரி மறுபடி சொன்னார். அப்போது அக்கா குனிந்து, அவர் கைகள் மேல் தன் கைகளை வைத்து அழுத்தி, பிள்ளையின் தோளோடு சேர்த்துப் பிடித்துக்கொண்டாள். அவள் முகம் முழுக்கக் கண்ணீர். இரண்டு காதும் குத்தி முடியும் வரை கையை எடுக்கவில்லை. பிள்ளை கத்திய கத்தலில் மேளச் சத்தம் கேட்கவில்லை. பிறகு தேம்பித் தேம்பி, அண்ணன் நெஞ்சிலேயே சாய்ந்து தூங்கிவிட்டது. பந்தி பரிமாறி முடியும் வரை அவர் அசையாமல் அப்படியே உட்கார்ந்திருந்தார். யாரும் பிள்ளையை வாங்கப் போகவில்லை, நான்தான் போக விடவில்லை. எனக்கு நெஞ்சு நிறைந்துவிட்டது. கடைசியில் சரியாகிவிட்டது என்றே நினைத்தேன்.

எல்லாரும் கிளம்பிய பிறகு மோட்டாரைத் தள்ளிக்கொண்டு போனவர், மறுபடி நிறுத்திவிட்டு என்னைத் தனியாகக் கூப்பிட்டார். என் வீட்டுக்காரர் தூரத்தில் இருக்கிறாரா என்று பார்த்துக்கொண்டு, மெதுவாகச் சொன்னார்.

"வீட்டுக்குப் போனோன பிள்ளைய சுடுதண்ணியில நல்லா குளிப்பாட்டிரு. ரொம்ப நேரம் மடியில வச்சிருந்துட்டேன்."

அவர் போய்விட்டார். சாயங்காலம் என் வீட்டுக்காரர், பிள்ளையின் மொட்டைத் தலையில் சந்தனம் காய்ந்து உதிர்கிறதே, குளிப்பாட்டவில்லையா என்று கேட்டார்.

இன்றைக்கு வேண்டாம் என்றேன்.